அழுகைக்கு அனுமதி

உலகத்தில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரு சாராரையும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தொண்டை கெடாமல், கோபம் வராமல், பெட்டி தொலையாமல் கொண்டு சேர்ப்பதற்கென்று மூன்றாவதாக ஒரு பிரிவினர் உண்டு. அவர்களுக்குச் சுற்றுப்பயண மேலாளர் என்று பெயர். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கும். நடைமுறையில், எந்த ஊரில் இறங்கினாலும் வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த ஆள் என்று பொருள்.

நம் மேலாளர் ஒரு பெண். வயது சின்னது, பொறுப்பு பெரிது. கான்வென்ட்டில் படித்தவளாதலால் பொய் சொல்ல வராது. உண்மையைப் பாதியில் நிறுத்தத் தெரியும். இந்தத் தொழிலுக்கு அது போதும்.

அவள் பொறுப்பில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் பாடகர். கோடையிலும் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் அவரை எல்லோரும் மஃப்ளர் என்பார்கள். மற்றவர் சொற்பொழிவாளர். 'பயமே, போய் வா!' என்ற தலைப்பில் ஊர் ஊராகப் பேசுகிறவர். அவருக்குத் தைரியம் என்று பெயர் வந்துவிட்டது. தைரியம் லிஃப்டில் ஏறமாட்டார். தைரியத்துக்கு விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. ஒருநாள் விடுதி அறையில் அந்துப்பூச்சி ஒன்று நுழைந்துவிட, தைரியம் வராந்தாவில் வந்து நின்றுகொண்டு, "மேனேஜரம்மா, அதை வெளியே அனுப்பிட்டுச் சொல்லுங்க, நான் உள்ளே போறேன்" என்றார்.

இவர்களோடு மூன்றாவதாக ஒரு பிரம்புக்கூடையும் பயணம் செய்தது. அதன் மேல் 'ஒலிக்கருவி, கவனம்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அதுவும் பொய் இல்லை. கூடைக்குள் இருந்தது அவளுடைய கைக்குழந்தை.

கூட்டிவர ஆசைப்பட்டுக் கூட்டிவரவில்லை. வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. கணவனுக்குக் கப்பலில் வேலை. போனால் போன இடம், வந்தால் விருந்தாளி. மாமியார் வேறொரு கோடியில், ரயிலில் ஒரு பகல் ஓர் இரவு தள்ளி இருந்தார். அவர் மாலைதோறும் போன் பண்ணி ஒரே யோசனையைச் சொல்வார்.

"ஏம்மா, குழந்தையை இங்கே கொண்டுவந்து விட்டுட்டு நீ ஊர் சுத்து. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து பாத்துக்கோ. யாரு வேண்டாங்கறா?"

"பாக்கறேன் அத்தை."

பார்க்கவே போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்க அவள் என்ன சூரிய கிரகணத்தையா பெற்றிருக்கிறாள்? ஆனால் வேலையையும் விட முடியாது. கப்பல் சம்பளம் கப்பல் மாதிரியே எப்போதாவதுதான் கரைக்கு வரும்.

இதற்கிடையில் சட்டம் என்று ஒன்று இருந்தது. கலை நிகழ்ச்சிகள் கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஏற்பட்ட கலை ஒழுங்கு வாரியத்தின் சட்டம். அதன்படி மேடைக்குப் பின்னால் கலைஞர்களும் பணியாளர்களும் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. இருந்தால் மேலாளரின் உரிமம் ரத்து. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் இருந்த கனம் பால் குடிக்கும், பல் முளைக்கும் நேரமாதலால் கடிக்கவும் செய்யும். பயத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஒவ்வோர் ஊரிலும் அரங்கத்துக்குள் நுழையும்போது அவள் இதயம் முதலில் நுழைந்து யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்து சொல்லும். அப்புறம்தான் கால் நகரும்.

அப்படி ஓர் ஊரில், ஒரு பிற்பகலில், ஒலி சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. ஒப்பனை அறையில் நாற்காலி காலியில்லாததால் ஒலிபெருக்கிக்காரர் ஒரு மைக்கைக் கூடையின் விளிம்பில் சாத்தி வைத்துவிட்டுப் போய் ஸ்விட்சைத் தட்டினார். அதே நேரத்தில் குழந்தை விழித்தது. விழித்ததும் அம்மாவைத் தேடியது. அம்மா வெந்நீருக்குப் போயிருந்தாள்.

அரங்கமே அதிர்ந்தது. கூரையில் இருந்த புறாக்கள் ஒரு வட்டம் போட்டுவிட்டு வேறு ஊர் பார்க்கக் கிளம்பின. வாசலில் அப்போதுதான் காலடி வைத்த வாரியத்தின் ஆய்வாளர் அப்படியே நின்றார்.

"நிறுத்துங்க! இது யாரோட குரல்?"

மஃப்ளர் நல்ல மனிதர். யோசிக்காமல், "என்னோடதுதாங்க. காலையிலேர்ந்து தொண்டை சரியில்லை" என்றார்.

"நீங்க இங்கே நிக்கறீங்க. குரல் அங்கேர்ந்து வருதே?"

"நல்லாப் பாடறவங்களுக்கு அப்படித்தான் சார்."

ஆய்வாளர் திரையை விலக்கிக்கொண்டு போனார். வெந்நீர்ப் பாத்திரத்தோடு ஓடிவந்த மேலாளர் அவர் பின்னால் போய் நின்றாள். கூடைக்குள் குழந்தை, ஆய்வாளரின் சட்டையில் மின்னிய அடையாள வில்லையைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, அதைத் தின்னலாமா என்று யோசித்தது.

"மேடம், விதி தெரியும் இல்லையா?"

"தெரியும் சார்."

"இது பணியாளரா?"

"இல்லைங்க."

"ஏதாவது வேலை பார்க்குதா?"

"சாப்பிடும், தூங்கும் சார்."

"அதை வெச்சு பணியாளர் இல்லைன்னு சொல்லிட முடியாது" என்றார் ஆய்வாளர், தம் அலுவலகத்தை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு. "சம்பளம் உண்டா?"

"இல்லைங்க."

"அப்போ பணியாளர் இல்லை." அவர் நெற்றியைத் தேய்த்தார். "இதுல ஒரு சிக்கல் இருக்கு மேடம். இங்கே விதிமீறல் எதுவும் இல்லைன்னு நான் நேத்தே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிட்டேன்."

"நாங்க இன்னிக்குத்தானே சார் வந்தோம்?"

"அதனாலதான் நேத்து விதிமீறல் இல்லை. இன்னிக்கு இருக்குன்னு சொன்னா என் கையெழுத்து பொய்னு ஆகும். அரசாங்கக் கையெழுத்து பொய்யா இருக்க முடியாது. ஆக, இங்கே விதிமீறல் இல்லை. ஆனா குழந்தை இருக்கு. பணியாளரும் இல்லை. அப்போ..."

அவர் முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவியது. நியூட்டன் தலையில் பழம் விழுந்தபோது இப்படித்தான் பரவியிருக்க வேண்டும்.

"அப்போ இது கலைஞர்!"

மேலாளர் வாயைத் திறந்தாள். உண்மையைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் கைகொடுத்தது. மூடிக்கொண்டாள்.

"பிரிவு என்ன? வாய்ப்பாட்டா, சொற்பொழிவா?"

"சார், அது..."

"வார்த்தை வருமா?"

"இன்னும் வரலைங்க."

"வாய்ப்பாட்டு" என்று ஆய்வாளர் முடிவு செய்தார். "மேடைப் பெயர்?"

"வீட்டுல குட்டின்னு கூப்பிடுவோம்."

"அதுல கனம் இல்லையே."

திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த தைரியம் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஆதிக்குரல்!"

"பேஷ்" என்றார் ஆய்வாளர். அங்கேயே தற்காலிக அனுமதி வழங்கப்பட்டது. மேலாளருக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் அவர் திரும்பி நின்று சொன்னார்: "சாயங்கால நிகழ்ச்சியில கலைஞர் மேடை ஏறணும் மேடம். அனுமதி வாங்கிட்டு ஏறலைன்னா அரசாங்கத்தை ஏமாத்தினதா ஆகும். உரிமம் போயிடும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே யாரும் கிணறே வெட்டவில்லை.

அன்று மாலை தைரியத்தின் பேச்சில் பயம் போய் வந்து முடிந்ததும், பாட்டு தொடங்குவதற்கு முன்னால், மேடை நடுவில் கூடை வைக்கப்பட்டது. கூட்டம் கூடையைப் பார்த்தது. கூடை விளக்குகளைப் பார்த்தது. குழந்தைக்கு விளக்குகள் ரொம்பப் பிடித்துவிட்டன. கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு சுகமாக இருந்தது. ஓரத்தில் நின்ற மேலாளருக்கு வியர்த்தது. ஏதாவது சத்தம் வரக் கிலுகிலுப்பையாவது கொடுப்போம் என்று அதை எடுக்கத் திரைக்குப் பின்னால் ஓர் அடி வைத்தாள்.

அம்மாவைக் காணோம்.

அதன்பின் அங்கே எழுந்ததைக் கூட்டம் அதற்கு முன் கேட்டதில்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் வீட்டில் கேட்டதுதான். ஆனால் டிக்கெட் வாங்கி, இருட்டில் உட்கார்ந்து, மேடையில் வெளிச்சம் போட்டு யாரும் கேட்டதில்லை. மேலாளர் ஓடிவந்து வாரி எடுத்ததும் அழுகை வெட்டினாற்போல் நின்றது.

முன்வரிசையில் ஒரு விமர்சகர் இருந்தார். சென்ற பருவத்தில் திரை இழுக்கும் மோட்டார் கெட்டுப்போய் ஒரு நாடகம் நடக்காமலே போனபோது, அதை 'மூடியிருத்தலின் துணிவு' என்று எழுதிப் புகழ் பெற்றவர். அவர் எழுந்து நின்றார். கை தட்டினார். உடனே அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது, தட்டாதவன் மூடன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலையில்.

மறுநாள் பத்திரிகையில் வந்தது: 'சொல்லுக்கு முன், சுருதிக்கு முன், நாகரிகத்தின் சோப்புக்கும் பவுடருக்கும் முன் இருந்த குரல் இது. இனிப் பாடுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும்.'

மஃப்ளர் அதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

அவ்வளவுதான். தீ பற்றிக்கொண்டது. அடுத்த ஊரில் டிக்கெட் கிடைக்காமல் அடிதடி. அதற்கடுத்த ஊரில் டிக்கெட் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைப் பார்க்க வைத்துக்கொண்டு அடிதடி. நாகரிகமான பெண்கள் தோள்பையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பால்புட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். ஆண்கள் கோட்டுக்கு மேலே, எச்சில் வழியாமல் இருக்கக் குழந்தைக்குக் கட்டுவோமே அந்தத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அலுவலகம் போனார்கள். அதிகாரிகளுக்குப் பட்டில், குமாஸ்தாக்களுக்குப் பருத்தியில். வாரத்துக்கு ஒரு முறை கூடி அழும் வட்டங்கள் தெருவுக்குத் தெரு தோன்றின. அழ வராதவர்களை, "பாவம், இன்னும் பழைய காலத்திலேயே இருக்கார்" என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பரிதாபத்திலேயே சிலருக்கு அழுகை வந்து வட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.

தைரியம் தம் தலைப்பை 'அழுது வெல்!' என்று மாற்றிக்கொண்டார். ஒப்பிட்டால் முன்னதைவிட இது அவருக்கு இயல்பாக வந்தது. மஃப்ளர் விடியற்காலையில் கூடைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அம்மாடி, அந்தக் கடைசியில ஒரு இழுப்பு இழுக்குதே பாப்பா, அது எனக்கு இத்தனை வருஷமா வரலை. எங்கேர்ந்து எடுக்குது?"

"வயித்துலேர்ந்து எடுக்குதுண்ணே. பால் குடிச்சு ரொம்ப நேரம் ஆச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

வாரியம் கையைக் கட்டிக்கொண்டு இருக்குமா? அழுகைப் பிரிவு என்று தனிப் பிரிவு தொடங்கி, அதற்கு ஓர் இயக்குநர், துணை இயக்குநர், துணைக்குத் துணை இயக்குநர் ஆகியோரை நியமித்தது. வாசலில் 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்ற பொன்மொழி பொறிக்கப்பட்டது. அழுகை குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும், நடுவில் கொட்டாவி கூடாது, கண்ணீர் கலைஞரின் விருப்பத்துக்கு விடப்படும் என்று ஆணை பிறந்தது. ஆணை ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று பார்க்க அதே ஆய்வாளர் குழுவோடு நிரந்தரமாக அனுப்பப்பட்டார்.

அவர் கெட்டவர் இல்லை என்பது கூடப் பயணம் செய்தபோதுதான் தெரிந்தது. பதவி உயர்வுக்கு மனுப் போட்டுவிட்டுப் பல வருடங்களாகக் காத்திருக்கிற மனிதர். ரயிலில் குழந்தை அவர் தோளில்தான் தூங்கும். யாராவது, "அட, யாரு குழந்தைங்க இது?" என்று கன்னத்தைத் தொட வந்தால், அசையாமல் கண்ணை மட்டும் உருட்டி, "தொடாதீங்க. கலைஞர் ஓய்வில் இருக்கார்" என்பார். குழந்தை விழித்ததும் அவர் நாக்கைத் துருத்திக் காட்டுவார். அது சிரிக்கும். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இன்னொரு முறை துருத்துவார்.

எல்லோருக்கும் நல்லகாலம். குழந்தை கையோடு இருந்தது, வேலையும் இருந்தது. மேலாளர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அழுகை குறித்த நேரத்தில் வர வேண்டுமே? பசிக்கும் தூக்கத்துக்கும் கடிகாரம் தெரியாது. நிச்சயமாக அழ வைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். குழந்தையின் கண்ணெதிரே நடந்து திரைக்குப் பின்னால் மறைய வேண்டும்.

எந்தக் குழந்தையைப் பிரியக் கூடாது என்று இத்தனை பாடும் பட்டாளோ, அந்தக் குழந்தையைத் தினமும் மாலையில், அரசாங்க அனுமதியோடு, விளம்பரம் செய்து பிரிந்தாள். திரைக்குப் பின்னால் விரல் முட்டியைக் கடித்துக்கொண்டு நிற்பாள். வெளியே ஊரே கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். "ஆகா!" என்று ஒரு குரல் வரும். அந்த 'ஆகா'வைச் சொன்னவனைத் தேடிப் பிடித்து அவன் அம்மாவிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் போல இருக்கும்.

"ஏம்மா, குழந்தை போட்டோ பேப்பர்ல வந்திருக்கே! வாயைத் திறந்துக்கிட்டு, மூக்கெல்லாம் வடிய. யாரு அதை அழ வெச்சது?" என்று மாமியார் போனில் சீறினார்.

"அது கலைங்க அத்தை."

"கலையாவது கிலையாவது! என் பேத்தி அழறதைப் பாக்கறதுக்கு ஜனங்க வரிசையில நிக்குதா? வெக்கமா இல்லை?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம். "சரி, எனக்கு முன்வரிசையில ரெண்டு டிக்கெட் எடுத்து வை. ஒண்ணு எதிர்வீட்டுக்காரிக்கு. ரொம்பப் பீத்திக்கறா."

இப்படியாக, வாரியத்தின் ஆண்டு விழா வந்தது. ஊரிலேயே பெரிய அரங்கம். முன்வரிசையில் வாரியத் தலைவர், பட்டுத் துணி கழுத்தில் பளபளக்க. பக்கத்தில் விமர்சகர், பால்புட்டியோடு. ஆய்வாளர் புதுச் சட்டை போட்டிருந்தார். தலைவர் இன்றைக்கு மனம் குளிர்ந்தால் பதவி உயர்வு நிச்சயம் என்று அவர் காதில் யாரோ போட்டிருந்தார்கள்.

கூடை மேடைக்கு வந்தது. விளக்கு வந்தது. மேலாளர் குழந்தையின் கண்ணெதிரே நடந்தாள், மறைந்தாள்.

குழந்தை திரையைப் பார்த்தது. கையை ஆட்டி அம்மாவுக்கு டாட்டா காட்டியது. பிறகு மைக்கின் வயரைப் பிடித்து ருசி பார்க்கத் தொடங்கியது.

திரைக்குப் பின்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேலாளருக்குத்தான் முதலில் புரிந்தது. போகிற அம்மா வந்துவிடுவாள் என்று குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. தினமும் பாடம் நடத்தியது யார்? அவளேதான்.

"என்ன மேடம் இது? கலைஞர் சாப்பிட்டுக்கிட்டிருக்கார்!" என்றார் ஆய்வாளர். "அழ வைங்க."

"எப்படி சார்?"

"நீங்க தாய். உங்களுக்குத் தெரியாதா?"

"வெற்றியாளரே, ஒரு சின்னக் கிள்ளு போதும்" என்றார் தைரியம். அவர் எல்லோரையும் வெற்றியாளரே என்றுதான் அழைப்பார். "எங்க அம்மா அப்படித்தான் என்னைக் கிள்ளுவாங்க."

"அதான் இப்படி இருக்கீங்க" என்றார் மஃப்ளர். "நான் வேணா போய் ஒரு பாட்டுப் பாடறேன். போன வாரம் நான் பாடினப்போ அழுதுச்சு."

"மேடம், கேளுங்க." ஆய்வாளர் கைகூப்பாத குறை. "அழலைன்னா கலைஞர் இல்லை. கலைஞர் இல்லைன்னா மேடைக்குப் பின்னால இருக்க முடியாது. ஒண்ணு குழந்தையை நீங்க உங்க மாமியார்கிட்ட அனுப்பணும், இல்லாட்டி உரிமத்தைக் கொடுக்கணும். எனக்கு வேற வழி இல்லை. ஒரே ஒரு கிள்ளு. நான் திரும்பி நின்னுக்கறேன்."

ரயில், ஒரு பகல், ஓர் இரவு, வருஷத்துக்கு இரண்டு தடவை, எல்லாம் அவள் கண்ணில் ஓடின.

"உங்களை வேணா கிள்ளட்டுமா சார்?" என்றாள்.

நேரே மேடைக்கு நடந்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அத்தனை பெரிய கூட்டத்தை அதுவரை அவள் முன்னாலிருந்து பார்த்ததில்லை. குரல் கீச்சென்று வந்தது.

"மன்னிச்சுக்கோங்க. அவளுக்குப் பசி இல்லை. தூக்கம் வரலை. அம்மா பக்கத்துலயே இருக்கேன். அழறதுக்கு ஒண்ணும் இல்லைங்க."

குழந்தை மைக்கில் வாயை வைத்து ஒரு சிரிப்பு சிரித்தது.

கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டம் விமர்சகரைப் பார்த்தது. விமர்சகர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தமக்கு மேலே யாராவது இருக்கிறாரா என்று பார்த்தார். கூரைதான் இருந்தது. எனவே எழுந்து மேடை ஏறினார்.

"இதுக்கு யாருய்யா பொறுப்பு?"

ஆய்வாளர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, குழந்தைக்கும் தலைவருக்கும் நடுவில் நின்றார். அது விதியில் இல்லை. ஏன் அங்கே போய் நின்றார் என்று அவருக்கே தெரியாது.

தலைவர் தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனால் மைக் விழித்திருந்தது. "உங்க பதவி உயர்வு விண்ணப்பம் என் மேஜையில இருக்கு. இன்னிக்குக் கையெழுத்துப் போடலாம்னு பேனாவைக்கூட எடுத்து வெச்சேன்."

"ஐயா..."

"அது பரிசீலனையில் இருக்கட்டும்."

ஆய்வாளர் அந்தச் சொற்றொடரை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களிடம், தலையைத் தூக்காமல், தேநீரை ஆற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறார். அது இத்தனை கனமானது என்று அவருக்குத் தெரியாது. உதடு துடித்தது. முதலில் எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கதவே பெயர்ந்து வந்தது. நடு மேடையில், புதுச் சட்டையோடு, வில்லை குலுங்க, ஆய்வாளர் ஓவென்று அழுதார். கடைசியில் ஓர் இழுப்பு இழுத்தார் பாருங்கள், மஃப்ளர் திரைக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அதுதான்! அதேதான்!" என்றார்.

அரங்கத்தில் யாரோ விம்மினார்கள். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கேட்டுத் தலை நரைத்தவர் ஒருவர். பக்கத்தில், குழாய் இணைப்புக்கு எழுதிப் போட்ட அம்மாள். அதற்கடுத்து, தான் உயிரோடு இருப்பதாகச் சான்று கேட்டுப் போயிருந்த ஓய்வூதியக்காரர். வரிசை வரிசையாக உடைந்தது. விமர்சகர் கை தட்ட மறந்து புட்டியைக் கட்டிக்கொண்டு தேம்பினார். அவர் ஒரு விருதுக்கு விண்ணப்பித்திருந்தார். தலைவரும் கழுத்துத் துணியால் கண்ணைத் துடைத்தார். அவருடைய பணிநீட்டிப்பு இன்னும் மேலே ஒரு மேஜையில் கிடந்தது. கழுத்தில் கட்டிய துணிகளெல்லாம் அன்றுதான் முதல் தடவையாக உபயோகப்பட்டன.

ஆதிக்குரல் என்ற பட்டம் மறுநாளே ஆய்வாளருக்கு மாற்றப்பட்டது. மேடை ஏறுவதற்கு அனுமதி வேண்டுமே? அவர் தமக்குத் தாமே விண்ணப்பித்தார். தம்மைத் தாமே ஆய்வு செய்தார். இரண்டு இடத்தில் விவரம் போதாது என்று கண்டுபிடித்து, நாளைக்கு வா என்று தம்மைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் வேறொரு காரணம் சொன்னார். ஒரு வாரம் அலைந்து, கடைசியில் தம் மேலேயே இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டார்.

மேலாளர் பெட்டியைக் கட்டியிருந்தாள். உரிமத்தைக் கொடுத்துவிட்டு எங்காவது வேறு வேலை பார்க்கலாம் என்று. ஆனால் அவள் கிளம்புவதற்குள் நடந்த முதல் நிகழ்ச்சியிலேயே ஒரு சிக்கல் வந்தது. ஆய்வாளருக்கு அழத் தொடங்கத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. பாட்டுக்கு நேரமாகியும் அழுதார். அரங்கத்தைப் பூட்டும் நேரம் வந்தும் அழுதார். கடைசியில் மேலாளர் குழந்தையைத் தூக்கி ஓரத்தில் நின்று காட்டியதும், பழக்கதோஷத்தில் நாக்கைத் துருத்தினார். அழுகை நின்றது.

வாரியம் அவசரமாகக் கூடியது. 'நிறுத்துநர்' என்ற பணியிடம் உருவாக்கப்பட்டு, குழந்தை அதில் அமர்த்தப்பட்டது. தொழில்நுட்பப் பணியாளர், நிரந்தரம். இனி மேடைக்குப் பின்னால் அவளை யாரும் ஏனென்று கேட்க முடியாது. மேலாளர் கட்டிய பெட்டியை அவிழ்த்தாள். குழந்தையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். மஃப்ளர் தாளம் போட்டார். தைரியம்கூடத் தள்ளி நின்று, தலை சுற்றுமே என்று பயந்துகொண்டே சிரித்தார்.

ஆய்வாளரை ஊருக்கு ஊர், குறித்த நேரத்தில் அழ வைக்கிற பொறுப்பும் மேலாளருடையதுதான். அது சிரமமே இல்லை. விளக்கு வருவதற்கு முன்னால் அவர் காதோரம் குனிந்து, "உங்க விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கு சார்" என்பாள். அவ்வளவுதான். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அரங்கமும் கூடவே அழும்.

அழாத ஆள் ஒருத்திதான். இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை பெரியவர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கென்ன? அவள் பெயரில் எந்த அலுவலகத்திலும் ஒரு விண்ணப்பமும் இல்லை.

போன மாதம் வரைக்கும் இல்லை. நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமானால் குழந்தை நடப்பதற்கு முன்பே எழுதிப் போட்டுவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் அவ்வளவுதானாம். ரயிலில் யாரோ சொன்னார்கள். அம்மா ஆயிற்றே, பயந்துவிட்டாள். அடுத்த ஊரில் இறங்கியதும் வெந்நீரைக்கூடத் தேடாமல் முதல் வேலையாக விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாள்.

நேற்றுப் பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறதாம்.